நடையோடு எடைப் பயிற்சியையும் சேர்த்தபோது

நாற்பதைக் கடந்த பிறகு, தினமும் வேகநடை சென்றும் உணவைக் குறைத்தும் இறங்கிக்கொண்டிருந்த என் எடை ஒரு கட்டத்தில் அசையாமல் நின்றுவிட்டது. மாடிப்படி ஏறினால் தொடைகள் தளர்ந்தன. உணவைக் குறைக்கும்போது கொழுப்போடு தசையும் கரையக்கூடும் என்பதால், நடையை விடாமல் தம்பெல்ஸ் எனும் கைப்பிடி எடைகளைத் தூக்கும் பயிற்சியையும் சேர்த்தேன். உலக சுகாதார நிறுவனமும் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்புடன் 2 நாள் தசைப் பயிற்சியைப் பரிந்துரைக்கிறது.

இரு கைகளிலும் 2 கிலோ எடையைப் பிடித்தபடி, நாற்காலியின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் உட்கார்ந்து எழும் ஸ்குவாட்தான் எனக்கு அதிகம் கைகொடுத்தது; அது எளிதானதும் எடையைக் கூட்டினேன். தசைக்குத் தேவையான புரதத்துக்காகக் காலை இட்லியோடு சுண்டலோ முட்டையோ சேர்ந்தது. பெண்களுக்குத் தசையை வளர்க்கும் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைவாகவே சுரப்பதால், ஆண்களைப்போல் உடல் முறுக்கேறிவிடும் என்ற என் அத்தையின் அச்சத்துக்கும் இடமிருக்கவில்லை. உடல் எடை மெதுவாகவே இறங்கியது; ஆனால் சுடிதாரின் இடுப்புப் பகுதியைத் தையற்காரரிடம் கொடுத்துப் பிடிக்க வேண்டியதாயிற்று.