சுவரை இடிக்காமல் சின்ன அடுப்படியை மாற்றுவது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் 1960-களில் கட்டிய வீடு எங்களுடையது. அடுப்படியில் இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் கதவோரம்தான் நிற்க வேண்டும். டர்பனில் இந்தியத் தொழிலாளர்கள் முன்பு குடியிருந்த மேகசின் பராக்ஸிலிருந்து பாட்டி கொண்டுவந்த அம்மி, பெரிய பிரியாணி சட்டி, குளிர்பெட்டி எல்லாம் அந்த இடத்துக்குள்தான். போன ஆண்டு அதை மாற்றினேன். வயரிங், குழாய் வேலைக்கு மட்டும் ஆள் வைத்தேன், மற்றதெல்லாம் வீட்டாரே செய்தோம். இப்படிப்பட்ட வீட்டில் முதல்முறையாக வேலையைத் தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. ஒரு வாரம் சும்மா கவனியுங்கள்

கடைக்குப் போகாதீர்கள், பெயிண்ட் நிறமும் பார்க்காதீர்கள். சமைக்கும்போது கை எங்கே போகிறது, கால் எத்தனை எட்டு வைக்கிறது என்று மட்டும் பாருங்கள். எங்கள் வீட்டில் அடுப்பு ஒரு சுவரில், அஞ்சறைப் பெட்டி எதிர்ச்சுவரில். எண்ணெய் காய்ந்து, கடுகு வெடித்து, வெந்தயம் சிவக்கிற நேரத்தில் அம்மா திரும்பி மூன்று எட்டு நடந்து மிளகாய் எடுத்து வருவார். அதற்குள் வெந்தயம் கருகிவிடும். நாற்பது வருடமாக இப்படித்தான் நடந்திருக்கிறது, யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. புது அடுப்படியில் நான் முதலில் முடிவு செய்தது அஞ்சறைப் பெட்டியின் இடத்தைத்தான். அடுப்புக்கு வலப்பக்கம், கை நீட்டினால் எட்டுகிற இழுப்பறை.

நீங்களும் அடிக்கடி எடுக்கிற பத்துப் பொருளை எழுதி, ஒவ்வொன்றும் எந்த வேலைக்குத் தேவை என்று பக்கத்தில் குறியுங்கள். அலமாரியின் வரைபடம் அதிலிருந்துதான் வரும்.

2. அளவு எடுப்பது

பழைய சுவர்கள் நேராக இருக்காது. அகலத்தை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளந்து, அதில் குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். மேடை உயரம் பொதுவாக 85 முதல் 90 செ.மீ. சமைப்பவர் நின்று முழங்கையை மடக்கினால் அதற்கு 10, 15 செ.மீ. கீழே மேடை இருந்தால் முதுகு வலிக்காது. ஆழம் 60 செ.மீ. மேடைக்கும் மேல் அலமாரிக்கும் நடுவில் 50 செ.மீ. விடுங்கள். மேல் அலமாரி 30, 35 செ.மீ. ஆழத்துக்கு மேல் போனால் நெற்றியில் இடிக்கும். நடக்க 90 செ.மீ.யாவது வேண்டும்.

மரத்தூளை அழுத்திச் செய்து மேலே பூச்சு போட்ட மெலமைன் பலகை இங்கே வழக்கமாக 2750க்கு 1830 மி.மீ. தாளாக வருகிறது, கனம் 16 மி.மீ. அளவைக் கொடுத்தால் பலகைக் கடையிலேயே வெட்டி, வெட்டிய ஓரத்தில் பட்டையும் ஒட்டித் தருவார்கள். ஓரம் ஒட்டாத பலகையை வாங்க வேண்டாம். டர்பன் ஈரக்காற்றில் அது ரொட்டி மாதிரி ஊதிவிடும்.

3. தொடுவதற்கு முன்

தூசி மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் அஸ்பெஸ்டாஸை (கல்நார்) தென்னாப்பிரிக்காவில் 2008-இல்தான் தடை செய்தார்கள். அதனால் பழைய கூரை, சீலிங் தகடு எதையும் துளைக்கவோ தேய்க்கவோ கூடாது. சந்தேகம் இருந்தால் தெரிந்தவரை வரவழைத்துக் காட்டுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், ஆகவே உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத்தான் தேய்க்க வேண்டும், பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு. வயரிங்கைப் பதிவு பெற்ற எலக்ட்ரீஷியனே செய்யட்டும், முடித்ததும் வேலை விதிப்படி இருக்கிறது என்று சொல்லும் சி.ஓ.சி. சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். கேஸ் அடுப்புக்கும் அப்படித்தான். சுவரை எடுப்பதென்றால் முதலில் மாநகராட்சியிடம் வரைபட அனுமதி வாங்க வேண்டும். எங்களுக்கு அந்தத் தேவையே வரவில்லை.

4. எண்ணெய்ப் பிசுக்கு

இங்கே நான் தவறு செய்தேன். அடுப்புக்குப் பின்சுவரைச் சோப்புத் தண்ணீரில் துடைத்துவிட்டு அன்றைக்கே பெயிண்ட் அடித்தேன். பார்க்க அழகாக இருந்தது. மூன்றாவது வாரம் ஒரு மூலையை விரலால் தள்ளினேன், வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வந்தது. அடியில் மஞ்சள் பிசுக்கு அப்படியே இருந்தது. மொத்தத்தையும் சுரண்டி மறுபடி செய்தேன்.

பெயிண்ட் கடையில் சுகர் சோப் என்ற, சுவர்ப் பிசுக்கை எடுக்கும் சோப்பு கிடைக்கும். கையுறை போட்டுக்கொண்டு, அதைக் கரைத்துக் கீழிருந்து மேலாகத் தேயுங்கள், இரண்டு தடவை நல்ல தண்ணீரில் துடையுங்கள், ஒரு நாள் காயவிடுங்கள். பிறகு சுவரில் கையை வைத்து இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் இன்னும் பிசுக்கு இருக்கிறது. அது போன பிறகுதான் உப்புத்தாள், பிரைமர் என்ற அடிப்பூச்சு, பெயிண்ட்.

5. அலமாரி

பழைய சட்டம் உறுதியாக இருந்தால் தூக்கி எறியாதீர்கள், கதவும் கீலும் மாற்றினால் போதும். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் இருக்கும் பலகையை மட்டும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் அது போச்சு. கீழ் அலமாரிகளைத் தரையிலிருந்து 10 செ.மீ. உயரக் காலில் நிறுத்துங்கள், தண்ணீர் சிந்தினாலும் பலகைக்குச் சேதமில்லை. பிரியாணி சட்டி போன்ற கனமானவை அடியில், இழுப்பறையில். அடுப்பின் இரண்டு பக்கமும் 30 செ.மீ.யாவது காலி மேடை விடுங்கள், சூடான சட்டியை இறக்க இடம் வேண்டும். அம்மியை நாங்கள் பின்வாசலுக்கு மாற்றினோம். இடிப்பது, அரைப்பதெல்லாம் அங்கேதான், அம்மாவுக்கும் காற்று கிடைக்கிறது.

6. நிறம்

இந்தியாவிலிருந்து வருகிற வீடியோக்களில் தெற்கு வெயில் பற்றிச் சொல்வார்கள். நம் பக்கம் அது தலைகீழ். பூமியின் தென்பாதியில் இருப்பதால் இங்கே பகல் வெயில் வடக்கிலிருந்து வருகிறது. உங்கள் ஜன்னல் தெற்கே பார்த்தால் அடுப்படி எப்போதும் சற்று மங்கலாகவே இருக்கும். அங்கே மஞ்சள், மாம்பழ நிறம், செம்மண் நிறம் சேர்த்தால் சூடு வரும். வடக்கு ஜன்னலுக்கு மயில் பச்சை, நீலம் நன்றாக நிற்கும். சீலிங்கும் மேல் அலமாரியும் வெளிர் நிறத்தில் இருக்கட்டும், பளிச்சென்ற நிறத்தைக் கீழே போடுங்கள். சின்ன இடம் அப்போது உயரமாகத் தெரியும். எங்களுடையது கீழே மயில் பச்சை, மேலே வெள்ளை, அஞ்சறைப் பெட்டி இழுப்பறை மட்டும் மஞ்சள். நிறத்தைக் கடை விளக்கில் முடிவு செய்யாதீர்கள். அட்டையில் அடித்து அடுப்புப் பக்கம் ஒட்டி, காலையும் மாலையும் பாருங்கள்.

மேல் அலமாரிக்கு அடியில் எல்.ஈ.டி. பட்டை ஒன்று ஒட்டுங்கள், பேட்டரி வைத்ததாக இருந்தால் மின்வெட்டிலும் காய் நறுக்கலாம். கதவில் அடித்த பெயிண்ட் தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும், ஆனால் முழுக்க இறுக மூன்று, நான்கு வாரம் ஆகும். அதுவரை ஈரத்துணியால் மெதுவாகத் துடையுங்கள், நார் போட்டுத் தேய்க்க வேண்டாம்.