வெட்டவெளியிலும் சோலைக்காட்டிலும் மழைநீரின் அமிலத்தன்மையை அளந்து ஒப்பிடும் முறை

மாசு கலவாத மழைநீரும் சற்றே அமிலத்தன்மை உடையதுதான். காற்றிலுள்ள கரியமில வாயு துளிகளில் கரைவதால் அதன் பி.எச். மதிப்பு (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; இது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) ஏறத்தாழ 5.6 ஆக இருக்கும். ஆகவே 7 என்ற நடுநிலை எண்ணோடு ஒப்பிட்டு மழையை அமில மழை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. புல்வெளியும் சோலையும் அடுத்தடுத்து அமைந்த நீலகிரி, ஒரே மழையை இரண்டு இடங்களிலும் பிடித்துப் பார்க்க மிகவும் ஏற்றது. காட்டுக்குள் கலன் வைப்பதற்கு வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும்.

காய்ச்சி வடித்த நீரால் பலமுறை அலசிய பிளாஸ்டிக் புனலும் பாட்டிலும் போதும்; உலோகப் பாத்திரம் வேண்டாம். சேறு தெறிக்காதபடி தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் பொருத்துங்கள். வெட்டவெளிக் கலன், அருகிலுள்ள மரத்தின் உயரத்தைப் போல இரு மடங்கு தொலைவிலாவது இருக்கட்டும். சோலைக்குள் ஒரு கிளையடியில் தாரையாகச் சொட்டும், இரண்டடி தள்ளி ஏறக்குறைய நனையாமலே இருக்கும் என்பதால், அங்கே பல கலன்களைப் பரவலாக வைப்பது அவசியம். அடிமரத்தின் வழியே வழியும் நீர் தன்மையில் வேறானது. அதை இவற்றோடு கலக்காதீர்கள். பறவை எச்சம் விழுந்த நீரைத் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

மழைநீரில் உப்புகள் மிகக் குறைவு என்பதால் பி.எச். தாளை நம்ப முடியாது, மானியும் நிலைபெற நேரமெடுக்கும். பி.எச். 4, 7 என மதிப்பு முன்பே தெரிந்த தாங்கல் கரைசல்களில் மானியைச் சரிபார்த்து, அதன் மின்முனையை நன்கு அலசி, முதலில் ஊற்றிய சிறிதளவு நீரைக் கொட்டிவிட்டு, அடுத்து ஊற்றும் நீரில் எண் அசையாமல் நிற்கும் வரை பொறுத்திருந்து குறித்துக்கொள்ளுங்கள். எல்லாக் கலன்களின் நீரையும் அன்றே அளந்துவிடுவது நல்லது.

சராசரி காண்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். பி.எச். மடக்கை அளவு என்பதால், 5-க்கும் 6-க்கும் ஹைட்ரஜன் அயனிச் செறிவில் பத்து மடங்கு வேறுபாடு உண்டு. அந்த இரண்டு நீரையும் சம அளவாகக் கொண்டு செறிவின் சராசரியைக் கணக்கிட்டால் கிடைப்பது 5.5 அன்று, ஏறத்தாழ 5.26.

இலைகளில் படிந்த தூசும், இலைகளிலிருந்து கசியும் பொட்டாசியம், கால்சியம் போன்றவையும் கரிம அமிலங்களும் சொட்டும் நீரின் மதிப்பை ஏற்றவும் செய்யலாம், இறக்கவும் செய்யலாம். ஆதலால் மர வகையையும், அந்த மழைக்கு முன் மழையின்றிக் கழிந்த நாட்களையும் தவறாமல் பதிவு செய்யுங்கள். தொடர்மழையில் தூசு கழுவப்பட்ட பிறகும் வேறுபாடு நீடித்தால், அதில் இலைகளுக்கே பெரும்பங்கு இருப்பதாகக் கருத இடமுண்டு.