ஒரே சயின்டிஃபிக் பேர்ல மரமும் இருக்கு, கடல் நத்தையும் இருக்கு: லிஸ்ட்ல பிரிக்கிறது எப்படி

ஃபைகஸ் வேரியகேட்டானு தேடுனா அத்தி இனத்து மரம் ஒண்ணு வரும், கூடவே ஒரு கடல் நத்தையும் வரும். ரெண்டுமே சரியான பேர்தான். தாவரத்துக்குப் பேர் வைக்கிற விதி தனி, விலங்குக்குத் தனி, தாவரத்துக்கு லின்னேயஸோட (ரெண்டு வார்த்தைப் பேர் முறைய நிலைநாட்டின விஞ்ஞானி) 1753 புக்ல இருந்து கணக்கு, விலங்குக்கு அவரோட 1758 புக்ல இருந்து, அந்தப் பக்கம் என்ன பேர் இருக்குனு இந்தப் பக்கம் பாக்கணும்னு கட்டாயமே இல்ல. ஜீனஸ் (பேரோட முதல் வார்த்தை) மட்டும் ஒத்துப்போறது நிறைய உண்டு (மோரஸ்னா மல்பெரியும்தான், கானெட் பறவையும்தான்). ஸ்பீசீஸ் வரைக்கும், அதாவது ரெண்டு வார்த்தையும் ஒத்துப்போறது ரொம்ப கம்மி, அதனாலயே யாரும் செக் பண்றதில்ல.

ஸ்டெப் 1: உங்க எக்செல் லிஸ்ட்ல பேருக்குப் பக்கத்துல கிங்டம்னு (செடியா, விலங்கானு சொல்ற பெரிய பிரிவு) ஒரு காலம் (column) சேருங்க.

ஸ்டெப் 2: அதை நிரப்புறதுலதான் சிக்கலே. முதல்ல பேருக்குப் பின்னாடி இருக்குற ஆத்தர (அந்தப் பேர வெளியிட்டவர்) பாருங்க. "ரோடிங், 1798"னு கமா போட்டு வருஷம் இருந்தா பெரும்பாலும் விலங்கு, அதான் நத்தை. வெறும் "புளூம்"னு நின்னுட்டா மரம். ஆத்தரே இல்லையா, மத்த காலங்கள பாருங்க: கௌசியா பிரின்செப்ஸ்னு (Gaussia princeps) இருந்து இடம் கியூபா மலைனா அது பனை, கடல் ஆழம்னு மீட்டர் கணக்கு இருந்தா அது இருட்டுல ஒளிவிடுற குட்டி கோபிபாட் (இறால் வகையறா கடல் உயிரி). நாஜா நாஜா (நம்ம நல்ல பாம்பு) மாதிரி ஒரே வார்த்தை ரெண்டு தடவை வந்தா யோசிக்கவே வேணாம், விலங்குதான், செடிக்கு அப்படிப் பேர் வைக்க விதியே விடாது.

ஸ்டெப் 3: ஜிபிஐஎஃப் (GBIF, உலக உயிரினத் தகவல் டேட்டாபேஸ்) சைட்ல பேர் மேட்ச் பண்ற டூல் இருக்கு, சிஎஸ்வியா ஏத்துங்க, கிங்டம் காலத்தையும் சேர்த்தே ஏத்துங்க. ஒண்ணு ரெண்டு பேர்தான்னா எனக்கு கடல் உயிரிக்கு வோர்ம்ஸ் (WoRMS) சைட், செடிக்கு கியூ கார்டனோட பிளான்ட்ஸ் ஆஃப் த வேர்ல்ட் ஆன்லைன் சைட், இது போதும். கூகுள் இமேஜ நம்பி மட்டும் முடிவு பண்ணாதீங்க.

ஸ்டெப் 4: ரெண்டு ஷீட்ட சேக்கும்போது பேர வச்சு மட்டும் விலுக்அப் (VLOOKUP) போட்டா மரத்தோட வரில நத்தை டேட்டா வந்து உக்காரும், எரரும் காட்டாது. பேரையும் கிங்டத்தையும் ஒட்டி ஒரு காலம் பண்ணி அத வச்சு தேடுங்க.

அப்டேட்: கிங்டம் காலத்துல செடி, விலங்குனு ரெண்டே ஆப்ஷன் போதுமானு கமென்ட்ல கேட்டிருந்தாங்க. பத்தாது. ஆஸ்டரீனா கிபோசா ஒரு நட்சத்திர மீன், அதே பேர்ல ஒரு பூஞ்சையும் இருக்கு. பூஞ்சைக்கும் தாவர விதிதான், அதனால ஆத்தர் ஸ்டைல பாத்து செடினு போட்டுடாதீங்க, ஃபங்கைனு தனியா போடுங்க.