வீட்டில் கட்டும் விமானம்: எரிபொருள் பம்பை எங்கே பொருத்துவது, எப்படிச் சோதிப்பது

பெங்களூரில் போர் போட்ட வீடுகளில் மோட்டார் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பல நூறு அடி ஆழத்தில், தண்ணீருக்குள்ளே. ஊரில் திறந்த கிணறு வைத்திருந்தவர்களுக்குக் காரணம் தெரியும். கிணற்று மேட்டில் உட்கார்ந்திருக்கும் மோட்டார், தண்ணீர் 25 அடிக்குக் கீழே இறங்கிவிட்டால் இழுக்க முடியாமல் திணறும். பம்பைத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டால் அங்கிருந்து மொட்டைமாடி டேங்க் வரை தள்ளிவிடும். பம்புக்குத் தள்ள வரும், உறிஞ்ச வராது.

எரிபொருள் பம்புக்கு இடம் தேடும்போது இந்த ஒன்றை மறக்காதீர்கள். யலஹங்கா பக்கம் ஒரு ஷெட்டில் நானும் இரண்டு நண்பர்களும் ஒரு தாழ்சிறகு விமானம் கட்டிவருகிறோம்; அதாவது சிறகும் அதிலுள்ள எரிபொருள் டேங்கும் உடலின் அடியில் இருக்கும். எஞ்சின் 100 குதிரைத்திறன் கொண்ட ரோட்டாக்ஸ் 912 யூஎல்எஸ். பம்ப் விஷயத்தை நாங்கள் முதலில் தப்பாகத்தான் செய்தோம்.

எஞ்சினுக்கும் காக்பிட்டுக்கும் நடுவில் உள்ள தீத்தடுப்புச் சுவரில், எஞ்சின் பக்கமாக மின்சார பம்பைப் பொருத்தியிருந்தோம். கைக்கு எட்டும் இடம், குழாய் போடவும் சுலபம். ஏப்ரல் மாதம், பகல் 2 மணி இருக்கும். விமானத்தைக் கட்டிப்போட்டு எஞ்சினை ஓட்டினோம், நன்றாகவே ஓடியது. அணைத்துவிட்டு டீ குடிக்கப் போனோம். 20 நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்து முழு வேகம் கொடுத்தால், அழுத்தமானியின் முள் துடித்துத் துடித்துக் கீழே இறங்கியது. எஞ்சின் இரண்டு முறை விக்கி நின்றுவிட்டது. மூடியைத் திறந்து பம்பைத் தொட்டேன். இரண்டு விநாடிக்கு மேல் விரலை வைக்க முடியவில்லை. பம்புக்கு முன்னால் சோதனைக்காக மட்டும் போட்டிருந்த தெளிவான குழாயில் பெட்ரோலுக்குப் பதிலாக நுரைதான் இருந்தது. தரையில் நடந்ததால் தப்பித்தோம். இதே விஷயம் ஜக்கூர் விமானத்தளத்தில் மேலேறி 200 அடி உயரத்தில் நடந்திருந்தால் இறங்க இடம் ஏது? சுற்றிலும் அபார்ட்மென்ட்.

நுரை எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெட்ரோலைத் திரவமாகப் பிடித்து வைத்திருப்பது அதன் மேலுள்ள அழுத்தம்தான். சென்னையில் காற்றழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். பெங்களூர் 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் இங்கே ஏறத்தாழ 91. விமானம் 8,000 அடிக்குப் போனால் 75. சாதாரண பெட்ரோல் 38 டிகிரி சூட்டிலேயே 60 கிலோபாஸ்கல் அளவுக்கு ஆவியழுத்தம், அதாவது ஆவியாக மாறத் திமிறும் அழுத்தம், காட்டக்கூடியது. அப்படியானால் மேலே உங்கள் கையிருப்பு வெறும் 15. ஒரு மீட்டர் உயரத்துக்கு பெட்ரோலை உறிஞ்சினால் அதில் 7 போய்விடும். மிச்சத்தை ஃபில்டரும் வளைவுகளும் தின்றுவிடும். எஞ்சின் சூடும் சேர்ந்துகொண்டால் பம்பின் வாயிலேயே பெட்ரோல் கொதிக்கும். ஆவியடைப்பு என்பது இதுதான். விமானத்துக்கென்றே வரும் பெட்ரோலான ஆவ்கேஸின் ஆவியழுத்தம் 38 முதல் 49க்குள்தான் இருக்கும் என்பதால் இந்தத் தொல்லை அதில் குறைவு.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: உயரத்தை வரையுங்கள்

ஒரு தாளில் விமானத்தைப் பக்கவாட்டில் வரைந்து டேங்கின் அடி, பம்ப், கார்புரேட்டர் மூன்றின் உயரத்தையும் சென்டிமீட்டரில் குறியுங்கள். உயர்சிறகு விமானமாக இருந்து கார்புரேட்டரும் இருந்தால் பெட்ரோல் தானாகவே கீழே இறங்கும். செஸ்னா 152 பம்பே இல்லாமல் பறக்கிறது. ஆனாலும் ஒரு மீட்டர் இறக்கம் தருவது 0.07 பார் அழுத்தம்தான் (ஒரு பார் என்பது 100 கிலோபாஸ்கல்). ரோட்டாக்ஸ் 912க்குக் குறைந்தது 0.15 பார் வேண்டும் என்பதால் சிறகு மேலே இருந்தாலும் பம்ப் தேவைப்படும். தாழ்சிறகு என்றால் பேச்சே இல்லை.

அழுத்தம் அதிகமானாலும் ஆபத்துதான். எஞ்சினோடு வரும் பம்பின் மாடலைப் பொறுத்து மேல் எல்லை 0.4 அல்லது 0.5 பார். அதைத் தாண்டினால் கார்புரேட்டரின் மிதவை ஊசியால் அடைக்க முடியாமல் பெட்ரோல் வழிந்து, கீழே சூடான புகைக்குழாய் மேல் சொட்டும். கார் இன்ஜெக்‌ஷன் பம்பைக் கார்புரேட்டர் எஞ்சினில் நேரடியாக மாட்டக் கூடாது என்பது இதனால்தான்; அது தரும் அழுத்தம் இதைவிடப் பல மடங்கு. ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் விலை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள்.

படி 2: பம்புக்கு இடம்

தாழ்வாக, டேங்குக்குப் பக்கத்தில், சூடு வராத பக்கம். இந்த மூன்றும் சேர்ந்து கிடைக்கும் இடமே சரியான இடம். நாங்கள் பம்பைக் கழற்றி, சிறகு உடலோடு சேரும் இடத்தில், டேங்கின் அடிமட்டத்துக்குச் சற்றுக் கீழே மாற்றினோம். டேங்கில் கொஞ்சம் பெட்ரோல் இருந்தாலே பம்பின் வாய் நனைந்திருக்கும்.

ஆனால் அந்த இடம் காக்பிட்டுக்குப் பக்கத்தில் வருகிறது. ஒரு இணைப்பு கசிந்தால் ஆவி ஆட்கள் உட்காரும் இடத்தில் சேரும். அதனால் பம்பையும் அதன் இணைப்புகளையும் ஒரு அலுமினியப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியின் அடியிலிருந்து வெளியே ஒரு வடிகுழாய் விட்டோம். பெட்டியைச் செய்து கொடுத்தவர் பீன்யாவில் பட்டறை வைத்திருக்கும் கிருஷ்ணகிரிக்காரர். “தம்பி, ஓட்டை கீழ்க்கோடியில்தான் இருக்கணும், நடுவுல போட்டா பாதி தேங்கி நிக்கும்” என்று அவராகவே இடத்தை மாற்றித் துளை போட்டார். வடிகுழாயின் வெளிமுனை புகைக்குழாயிலிருந்து தள்ளி இருக்க வேண்டும்.

எஞ்சினோடு சேர்ந்த மெக்கானிக்கல் பம்பிலும் ஒரு சிறு வடிதுளை உண்டு. உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்தால் பெட்ரோல் அந்த வழியாகத்தான் வரும். அதற்கும் குழாய் போட்டு வெளியே விடுங்கள். புதிதாகக் கட்டுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் இடம் இது.

படி 3: ஃபில்டர்

பம்புக்கு முன்னால் நுண்ணிய ஃபில்டர் போட்டால் அது பம்பின் தொண்டையைப் பிடிப்பது மாதிரி. டேங்கின் வாயில் பெரிய கண் உள்ள வலை போதும். நுண்ணிய ஃபில்டரைப் பம்புக்குப் பிறகு வையுங்கள். குழாய்ப் பாதையின் ஆகத் தாழ்வான இடத்தில் தண்ணீரை வடிக்க ஒரு குழாய்வாய் வேண்டும். பறக்கும் முன் ஒவ்வொரு முறையும் அதில் பிடித்துப் பாருங்கள்.

இணைப்புகளில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். பிளம்பர் பழக்கத்தில் கை தானாகப் போகும். அதன் நார் பிய்ந்து போய்க் கார்புரேட்டரில் அடைத்துக்கொள்ளும். பெட்ரோலுக்கு உகந்த பசைதான் போட வேண்டும். அப்புறம், இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். ரோட்டாக்ஸ் 912க்கு 10 சதவீதம் வரைதான் அனுமதி. எத்தனால் தண்ணீரை இழுக்கும், சாதாரண ரப்பர் குழாயை ஊறவைத்துக் கெடுக்கும்.

படி 4: இரண்டு பம்ப்

ஒன்று நின்றால் மற்றொன்று ஓட வேண்டும். நாங்கள் மின்சார பம்பையும் எஞ்சின் பம்பையும் வரிசையாக இணைத்திருக்கிறோம். அப்படி இணைக்கும்போது, நின்றுபோன பம்ப் தன் வழியாக பெட்ரோலை விடுகிறதா என்று வாயால் ஊதியே பார்த்துவிடலாம், புது பம்பாக இருக்கும்போதே. பக்கம் பக்கமாக, இரண்டு இணைப் பாதைகளில் இணைத்தால் ஒவ்வொரு பம்புக்கும் பின்னோக்கிப் போகாத வால்வு அவசியம். இல்லாவிட்டால் ஓடும் பம்ப், நின்ற பம்ப் வழியாகவே பெட்ரோலைச் சுற்றிவிடும்.

கார்புரேட்டருக்கு முன்னாலிருந்து டேங்குக்கு ஒரு திருப்புக் குழாயும் போடுங்கள். நடுவில் ஊசித்துளை அளவு அடைப்பு வேண்டும். உருவாகும் ஆவி அந்த வழியாக வெளியேறிவிடும். எந்த டேங்கிலிருந்து எடுக்கிறீர்களோ அதற்கே அது திரும்ப வேண்டும். நிரம்பிய அடுத்த டேங்குக்குப் போனால் காற்றுத்துளை வழியாகக் கொட்டும்.

படி 5: நெருப்பும் மின்சாரமும்

தீத்தடுப்புச் சுவரைத் தாண்டும் இடத்தில் எஃகு இணைப்பு, அதற்கு அந்தப் பக்கம் நெருப்புறை மாட்டிய வளையும் குழாய். எஞ்சின் குலுங்கும், அதனால் அங்கே விறைப்பான அலுமினியக் குழாய் விரிசல் விட்டுவிடும். எரிபொருளை அடைக்கும் வால்வு, பெல்ட் போட்டு உட்கார்ந்த நிலையில் விமானியின் கைக்கு எட்ட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு எட்டிப் பாருங்கள்.

மின்சார பம்புக்குத் தனி ஸ்விட்ச், தனி ஃப்யூஸ். எஞ்சினில் தீப்பிடித்தால் வால்வை அடைக்க வேண்டும், பம்பையும் அணைக்க வேண்டும். குழாய் அறுந்திருக்கும்போது பம்ப் ஓடிக்கொண்டிருந்தால் தீக்குப் பெட்ரோல் ஊற்றியதுபோல் ஆகிவிடும்.

படி 6: அளந்து பாருங்கள்

பம்ப் வழியாக வரும் எரிபொருள், எஞ்சின் முழு வேகத்தில் குடிப்பதைவிடக் கால் பங்கு கூடுதலாக இருக்க வேண்டும். புவியீர்ப்பில் மட்டும் வருகிறதென்றால் அரைப் பங்கு கூடுதல். எங்கள் எஞ்சின் முழு வேகத்தில் மணிக்கு 27 லிட்டர் குடிக்கும். கால் பங்கு சேர்த்தால் 33.75 லிட்டர். அப்படியானால் 5 லிட்டர் கேன் 8 நிமிடம் 53 விநாடிக்குள் நிரம்பியாக வேண்டும்.

மூக்குச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, விமானம் மேலேறும்போது இருக்கும் அதிகபட்சக் கோணத்துக்குத் தூக்குங்கள். ஃபோனில் கோணம் பார்த்துவிட்டு அதைத் தூரமாக வைத்துவிடுங்கள். டேங்கில் குறைந்த அளவு பெட்ரோல் மட்டும் இருக்கட்டும். கார்புரேட்டரில் சேரும் குழாய் முனையைக் கழற்றி உலோகக் கேனில் விட்டு, கேனையும் விமானத்தையும் ஒரு கம்பியால் இணையுங்கள், நிலைமின்சாரப் பொறி வராமல் இருக்க. திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும், தீயணைப்பான் ஒருவர் கையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பம்பையும் தனித்தனியாக ஓட்டி அளவெடுங்கள். எஞ்சின் பம்புக்கு எஞ்சின் ஓடினால்தான் வேலை என்பதால், அதை மின்சார பம்பை அணைத்துவிட்டுத் தரை ஓட்டத்தில் அழுத்தமானியைப் பார்த்துச் சோதியுங்கள்.

கடைசியாக ஒரு வெப்பச் சோதனை. வெயில் உச்சியில் எஞ்சினை நன்றாகச் சூடாக்கி அணைத்து, 20 நிமிடம் மூடியைத் திறக்காமல் விட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் முழு வேகம் கொடுங்கள். இடம் மாற்றிய பிறகு நாங்கள் அதே ஷெட்டில், மே மாதத்தில், மூன்று நாள் இதைச் செய்தோம். முள் 0.3க்குப் பக்கத்திலேயே நின்றது. மூன்று நாள் அளவுகளையும் தேதியோடு பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறோம். விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவின் அனுமதிக்கான ஆய்வின்போது அந்தப் பக்கத்தைத்தான் முதலில் எடுத்து நீட்டப்போகிறோம்.