மூங்கில் குத்தில் கத்தி வைக்கும் முன்

போன வாரம் நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். கல் மூங்கில் குத்து, அதாவது ஒரே அடியில் கூட்டமாக நிற்கும் கழிகள். குத்துக்கு ஐந்து வயதிருக்கும். பந்தலுக்கென்று சுற்றிலும் ஓரக் கழிகளாக வெட்டி அடுக்கியிருந்தார் அந்தத் தம்பி. ஒன்றை எடுத்துத் தடவினேன். விரலில் வெள்ளை மாவு ஒட்டியது, கணுவில் மடல்கூட உதிரவில்லை. போன மழைக்கு வந்த கழி! வயிறு எரிந்தது. இதே தப்பை நானும் செய்தவன். தண்ணீர் விடுவது, எரு போடுவதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன். மூங்கிலில் நடக்கும் தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

கைக்கு எட்டுவதை வெட்டுவது

2011 டிசம்பர் 30, தானே புயலில் எங்கள் முந்திரியும் பலாவும் சாய்ந்தன. காற்றுக்குத் தடுப்பாக இருக்கட்டும் என்று அடுத்த மழைக்கு மூங்கில் வைத்தேன். ஐந்தாம் வருஷம் பாகல் பந்தலுக்குக் கழி வேண்டியிருந்தது. நடுவில் நுழைந்தால் கிளை கீறும் என்று ஓரத்திலேயே வெட்டினேன். மூன்று வருஷம் இப்படியே போனது. குத்தின் நடுவே கை நுழையாத நெரிசல், பாதி காய்ந்த கழிகள். புதிதாக வந்த முளைகளோ வரவர மெலிந்தன. கடைசியில் இரண்டு குத்தை ஆள் விட்டுத் தோண்டியெடுத்தேன். கன்று விலையைப் போலப் பல மடங்கு கூலிக்கே போயிற்று.

மூங்கில் கிழங்கு வெளிப்பக்கமாகத்தான் நகரும். ஓரத்தில் நிற்பது இளசு, நடுவில் நிற்பது முற்றல். அந்த இளங்கழிகளின் இலைதான் அடுத்த முளைக்குச் சோறு போடுகிறது. முளை என்ன பருமனில் தரையை விட்டு வருகிறதோ, கழிக்குக் கடைசி வரை அதே பருமன்தான். பிறகு உயரும், பருக்காது.

அதனால் மூன்று வயது தாண்டியதை மட்டும் வெட்டுங்கள். பச்சை மங்கி, சாம்பல் திட்டு படர்ந்திருக்கும். சந்தேகமே வேண்டாமென்றால், வருஷா வருஷம் புதுக்கழிகளில் பெயிண்டால் வருஷத்தை எழுதி வையுங்கள். குத்தின் ஒரு பக்கத்தில் லாட வடிவில் வழி திறந்து உள்ளே போங்கள். தரைக்கு மேல் முதல் கணுவையொட்டி அறுங்கள். கணுவுக்கு மேல் குழலை நீளமாக விட்டால் மழைநீர் தேங்கிக் கொசு பெருகும், அடியும் அழுகும்.

மதிலோரம் நடுவது

ஆறடியாவது தள்ளி வையுங்கள்.

சருகைக் கூட்டி எரிப்பது

போகிக்கு முன் குத்தடியைத் துப்புரவாகக் கூட்டுகிறார்கள். அந்தச் சருகுதான் சித்திரை வெயிலில் ஈரம் காக்கும் போர்வை. மூங்கிலுக்கு வேண்டிய சிலிகாவும் அதில்தான் இருக்கிறது.

லக்கி பாம்பூ

அது மூங்கிலே இல்லை.

மழையில் வெட்டுவது

ஐப்பசி, கார்த்திகையில் குத்துக்குள் போகவே போகாதீர்கள். காலடியில் முளை முறியும். மிச்சமிருக்கும் ஓரக் கழிகளைத் தொட வேண்டாம், தை பிறந்ததும் நானே வந்து வழி திறந்து தருகிறேன் என்று அந்தத் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.