பால் குடுக்கிற அம்மாங்க ஜிபி கிட்ட எப்படி வேலை வாங்கணும் (தென்னாப்பிரிக்கா டர்பன் பக்கத்து ஆளுங்களுக்கு)

சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் நம்ம வீடுங்களுக்கெல்லாம் ஒரு ஜிபி, அதான் குடும்ப டாக்டர், இருப்பாரு, ஆயாவோட சுகர் மாத்திரைல இருந்து சின்னவன் இருமல் வரைக்கும் அவர்தான், மருந்தையும் அங்கயே கவர்ல போட்டு குடுத்துடுவாரு. ஆனா தாய்ப்பால் பிரச்சினைன்னா மட்டும் அவர்கிட்ட போகணும்னு யாருக்கும் தோணாது. அம்மா, மாமியார், வாட்ஸ்அப் குரூப், கடைசில பார்மசில ஃபார்முலா டின். இந்த வரிசையத்தான் மாத்தணும்.

வயித்துல இருக்கும்போதே, ஏழாம் எட்டாம் மாசத்துல ஒரு தடவ போய் பேசிடுங்க. தைராய்டு, பிசிஓஎஸ் (சினைப்பைல நீர்க்கட்டி), மார்புல ஏதாவது ஆபரேஷன், மொத புள்ளைக்கு பால் எப்படி இருந்துச்சு, தினமும் என்ன மாத்திரை, எல்லாம் சொல்லுங்க. அப்புறம் நேரா கேளுங்க, "பால் குடுக்கிறதுல சிக்கல் வந்தா நீங்களே பாப்பீங்களா, இல்ல வேற யார்கிட்டயாவது அனுப்புவீங்களா?" அனுப்புவேன்னு சொன்னாலும் தப்பில்ல, கிளினிக் சிஸ்டரோ லாக்டேஷன் கன்சல்டன்ட்டோ (தாய்ப்பால் குடுக்க சொல்லித் தர்றவங்க), நம்பர அப்பவே வாங்கி வச்சுக்கோங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு புள்ள கத்தும்போது தேட முடியாது.

பொறந்த மொத வாரத்துக்குள்ளயே ஜிபி கிட்டயோ கிளினிக்லயோ காட்டுங்க, ரோட் டு ஹெல்த் புக்க (புள்ளையோட எடை, தடுப்பூசி எழுதற புக்) மறக்காதீங்க. மொத சில நாள்ல எடை கொஞ்சம் குறையறது சகஜம், 10 சதவீதம் போல குறைஞ்சா கண்டிப்பா பாக்கணும், ரெண்டு வாரத்துக்குள்ள பொறந்தப்ப இருந்த எடைக்கு வந்துடணும். அஞ்சு நாளுக்கு அப்புறம் ஒரு நாளைக்கு 6 நேப்பியாவது நல்லா நனையணும், போறதுக்கு முன்னாடி அத எண்ணி எழுதிட்டுப் போங்க, "பால் பத்தலன்னு நெனைக்கிறேன்"னு சொல்றதவிட அந்தக் கணக்குதான் டாக்டருக்கு உதவும்.

முக்கியமானது இதுதான். "டாக்டர், இங்கயே குடுக்கிறேன், கொஞ்சம் பாருங்க"ன்னு கேளுங்க. வாய் நல்லா அகலமா தொறந்திருக்கா, தாடை மார்புல ஒட்டியிருக்கா, முழுங்கற சத்தம் கேக்குதா, உங்களுக்கு வலிக்குதா, இதெல்லாம் கண்ணால பாக்காம யாராலயும் சொல்ல முடியாது. ஆம்பள டாக்டர் முன்னாடி கூச்சமா இருந்தா சிஸ்டர கூப்பிடச் சொல்லுங்க. பாக்காமலே ஃபார்முலா எழுதிக் குடுத்தா ஏன், எவ்ளோ எம்எல், எத்தன நாள்னு கேக்கறது உங்க உரிமை. ஆனா புள்ள எழுப்பியும் எழும்பாம தூங்குது, நேப்பி காஞ்சு கெடக்கு, கண்ணு மஞ்சள் ஏறிட்டே போகுதுன்னா வீம்பு வேணாம், அன்னிக்கே போங்க, பீச்சின பாலோ ஃபார்முலாவோ மொதல்ல வயிறு நெறையணும்.

மருந்து வாங்கும்போது ஒவ்வொரு தடவையும் "பால் குடுக்கிறேன்"னு சொல்லுங்க. பாராசிட்டமால், இபுப்ரோஃபென் பரவால்ல. கோடீன் கலந்த வலி மாத்திரை இங்க கவுண்டர்லயே கெடைக்குது, அது வேணாம், புள்ளைக்கு மூச்சு மந்தமாகலாம். சளிக்கு குடுக்கிற சூடோஎஃபெட்ரின் பால கொறைக்கும். "அஞ்சு நாள் பால நிறுத்துங்க"ன்னு சொன்னா வேற மருந்து இருக்கான்னு கேளுங்க, லாக்ட்மெட்ல (எந்த மருந்து பால்ல எவ்ளோ போகும்னு சொல்ற வெப்சைட்) ஒரு தடவ பாக்கச் சொல்லுங்க, அது இலவசம், பெரும்பாலான ஆன்டிபயாட்டிக்குக்கு நிறுத்தவே தேவையில்ல. மார்பு செவந்து சூடாகி காய்ச்சல் வந்தாலும் நிறுத்தாதீங்க, அழுத்தித் தேய்க்கவும் வேணாம், ஐஸ் ஒத்தடம் குடுங்க, ஒரு நாள்ல கொறையலன்னா ஜிபி. எச்ஐவி இருக்கிற அம்மாவும் மாத்திரைய விடாம சாப்பிட்டு வைரல் லோட் (ரத்தத்துல இருக்கிற வைரஸ் அளவு) அடங்கியிருந்தா பால் குடுக்கலாம்னுதான் இங்க அரசாங்கமே சொல்லுது, அதுக்கான டெஸ்ட்ட தள்ளிப் போடாதீங்க.

அப்புறம் ஆயா விவகாரம். கிரைப் வாட்டர், ரூயிபோஸ் டீ, சக்கரத் தண்ணி, ஆறு மாசம் வரைக்கும் எதுவும் வேணாம், தண்ணி கூட. (பூண்டும் வெந்தயமும் நீங்க சாப்பிடுங்க, அதுல சண்ட வேணாம்.) இத நீங்க சொன்னா எடுபடாது, அடுத்த விசிட்டுக்கு ஆயாவையும் கூட்டிட்டுப் போய் டாக்டர் வாயாலயே சொல்ல வைங்க, "டாக்டரே சொல்லிட்டாரு"ன்னா நம்ம வீட்ல அதுக்கு மேல அப்பீல் கெடையாது.

வேலைக்குத் திரும்பறவங்க: லீவு நாலு மாசம் வரைக்கும் சட்டப்படி உண்டு (2025 கோர்ட் தீர்ப்புக்கு அப்புறம், அப்பாவும் வேலைல இருந்தா லீவ ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கணும்), அதுக்கப்புறம் புள்ளைக்கு ஆறு மாசம் ஆகறவரைக்கும் தினமும் 30 நிமிஷம் ரெண்டு பிரேக், பால் குடுக்கவோ பீச்சவோ விடணும்னு இங்க லேபர் கோட் ஆஃப் குட் பிராக்டிஸ்லயே (முதலாளிங்களுக்கான அரசாங்க வழிகாட்டி) இருக்கு. மேனேஜர் முறைச்சா ஜிபி கிட்ட லெட்டர் வாங்கிக் குடுங்க. பீச்சின பால் வெளிய நாலு மணி நேரம், ஃப்ரிட்ஜ்ல நாலு நாள், ஆனா ஜனவரி டர்பன் சூட்டுல வெளிய வைக்கற வேலையே வேணாம், கூலர் பேக் எடுத்துட்டுப் போங்க.

ரெண்டு வாரம் தாண்டியும் அழுகையா வருது, புள்ள தூங்கியும் உங்களுக்கு தூக்கம் இல்லன்னா அதையும் அதே ஜிபி கிட்ட சொல்லுங்க. மாத்திர குடுத்தா பால நிறுத்தணுமோன்னு பயந்து நெறைய பேர் மறைக்கறாங்க. செர்ட்ரலின் மாதிரி மன அழுத்த மாத்திரைங்க பால்ல ரொம்பக் கொஞ்சமாத்தான் வரும், டாக்டர் பாத்து குடுத்தா பாலும் குடுக்கலாம் மாத்திரையும் சாப்பிடலாம்.