ஸ்பேமில் விழுந்த இன்வாய்ஸ்: சரிசெய்த விதம்

ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஏற்றுமதி கம்பெனி அனுப்பும் இன்வாய்ஸ் எல்லாம் வெளிநாட்டு பையரின் ஸ்பேமில் போய் விழுந்தது. டொமைனின் பதிவுகள் இருக்கும் டிஎன்எஸ் பேனலைத் திறந்ததுமே தெரிந்தது: எஸ்பிஎஃப் வரி (டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்த சர்வர்களுக்கு அனுமதி என்று சொல்வது) இரண்டு. பழைய ஹோஸ்டிங்குக்கு ஒன்று, கூகுள் மெயிலுக்கு ஒன்று. ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம்; இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. இப்போதும் மெயில் அனுப்பும் சர்வர்களை மட்டும் ஒரே வரியில் சேர்த்தேன். அந்த வரியைச் சரிபார்க்கத் தேவைப்படும் டிஎன்எஸ் தேடல் 10-ஐத் தாண்டினாலும் ஃபெயில்தான், இன்க்ளூடை (வேறொரு டொமைனின் எஸ்பிஎஃப் பட்டியலையும் சேர்ப்பது) அள்ளிப் போடக்கூடாது.

மெயிலில் போடும் டிஜிட்டல் கையெழுத்தான டிகிம்தான் படுத்தி எடுத்தது. அதைச் சரிபார்க்க டிஎன்எஸ்ஸில் போடும் 2048 பிட் சாவி, ஒரு சரத்துக்கான (ஒரே மேற்கோளுக்குள் வரும் எழுத்துத் தொடர்) 255 எழுத்து வரம்பில் அடங்காது. பேனல் சத்தமில்லாமல் வாலை வெட்டியிருந்தது. இரட்டை மேற்கோளுக்குள் இரண்டு துண்டாகப் போட்டதும் பாஸ். பதிவின் பெயரைக் கேட்கும் ஹோஸ்ட் பெட்டியில் டொமைன் பெயரையும் அடிக்காதீர்கள். பல பேனல்கள் தாமே ஒட்டிவிடும், பெயர் இரட்டித்துவிடும்.

அடுத்தது டிமார்க், இந்தச் சோதனைகளில் தோற்கும் மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் விதி. அதை முதலில் 'நன்' (எதுவும் செய்யாதே) என்று வைத்து இரண்டு வாரம் ரிப்போர்ட் பார்த்தேன். பில்லிங் சாஃப்ட்வேர் மெயிலுக்கு எஸ்பிஎஃப் பாஸ், ஆனால் ரிட்டர்ன் பாத் (டெலிவரி ஆகாத மெயில் திரும்பும் முகவரி) சாஃப்ட்வேர்காரர்களின் டொமைன். அனுப்புநர் முகவரியின் டொமைனோடு அது பொருந்தாததால் டிமார்க் ஃபெயில். அந்த மெயிலிலும் கம்பெனி டொமைனுக்கே டிகிம் போட்ட பிறகுதான் டிமார்க்கை 'குவாரன்டைன்' (தோற்றால் ஸ்பேமில் போடு) என்று வைத்தேன். ஜிமெயிலில் 'ஷோ ஒரிஜினல்' திறந்தால் மூன்றுமே பாஸ்.